முத்திரை இல்லாத மரக்கால்

முதலாளிகளின் சந்தையில் ஒரு சரக்கு சில ஆண்டுகளாக அமோகமாக விலைபோகிறது. அதன் பெயர் “லோ கோட்”. “இனி நிரல் எழுதத் தெரிந்த ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆபீஸில் இருக்கும் எவரும் கம்பெனிக்கு வேண்டிய செயலியை ஒரே நாளில் தாமே கட்டிக்கொள்ளலாம்” என்று அதை விற்கும் கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன. வேலை சுலபம், செலவு குறைவு, எல்லோருக்கும் சுதந்திரம் என்பதே அவர்கள் பாடும் பாட்டு.

“இது கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம். ரிங் பிரேம் முன்னால் நிற்கிறவனுக்கும் சேற்றில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வந்தது?” என்று தோழர்கள் கேட்கலாம். வந்தது என்னவென்று சொல்கிறோம். இதில் நம் ஷிப்டு இருக்கிறது. நம் லீவு இருக்கிறது. ஓவர்டைம் கூலி இருக்கிறது. அபராதம் இருக்கிறது. சுருங்கச் சொன்னால், வீட்டில் உலை கொதிக்குமா கொதிக்காதா என்பதே இதில் இருக்கிறது.

சரக்கு என்ன?

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம். செயலி என்பது கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு கணக்குப்பிள்ளை. யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை கிலோ நூல், எத்தனை மூட்டை நெல் என்று எழுதி வைக்கும். தனக்குச் சொல்லிக்கொடுத்த விதிப்படி கூட்டும், கழிக்கும், “இவனுக்கு இவ்வளவு” என்று தீர்ப்புச் சொல்லும். அந்த விதிகளை யந்திரத்துக்குப் புரியும் பாஷையில் வரிவரியாக எழுதுவதைத்தான் நிரல் எழுதுவது என்கிறார்கள்.

லோ கோட்டில் அந்த வரிகளை எழுதவே வேண்டாம், அல்லது கொஞ்சம் எழுதினால் போதும். பெயருக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம், போட்டோவுக்கு ஒரு கட்டம், கீழே ஒரு பொத்தான் என்று எல்லாம் தயாராகத் திரையில் இருக்கும். இழுத்துக்கொண்டுபோய் வேண்டிய இடத்தில் வைக்கலாம். பிறகு “இப்படி நடந்தால் இப்படிச் செய்” என்று விதியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. 2023இல் மைக்ரோசாப்ட் கம்பெனி இன்னும் ஒரு படி போனது. வேண்டியதைச் சாதாரணப் பேச்சில் எழுதிக் காட்டினாலே செயலியின் முதல் உருவத்தைப் போட்டுத் தரும் வசதியைத் தன் சரக்கில் சேர்த்தது.

ஆட்களைக் குறைத்து வேலையை வாங்கும் இந்த ஆசை புதிதல்ல. 1959இல் அமெரிக்காவில் கோபால் என்ற கம்ப்யூட்டர் பாஷை உருவானபோது, அது இங்கிலீஷ் வாக்கியம் போல இருப்பதால் மானேஜர்களே படித்துப் புரிந்துகொள்வார்கள் என்று சொன்னார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மார்ட்டின் என்பவர் நிரல் எழுதுவோர் இல்லாமலே செயலி கட்டுவது பற்றிப் புத்தகமே போட்டார். சென்னையில் தொடங்கி இன்று தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் ஆபீஸ் வைத்திருக்கும் ஸோஹோ கம்பெனி 2006 முதல் “கிரியேட்டர்” என்ற சரக்கை விற்கிறது. 2014இல் ஃபாரஸ்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக் கம்பெனி இந்த ரகத்துக்கெல்லாம் “லோ கோட்” என்று நாமகரணம் செய்தது. 2016இல் மைக்ரோசாப்டின் “பவர் ஆப்ஸ்” கடைக்கு வந்தது. 2018இல் ஜெர்மனியின் ஸீமென்ஸ் கம்பெனி மெண்டிக்ஸ் என்ற லோ கோட் கம்பெனியை 60 கோடி யூரோ கொடுத்து வாங்க முன்வந்தது.

ஸீமென்ஸைத் தெரியாதா? ஆலைகளுக்கு மோட்டாரும் மின்சாரச் சாதனங்களும் செய்கிற அதே ஸீமென்ஸ்தான். மோட்டார் விற்கிறவனுக்கு இந்தக் கட்டம் இழுக்கும் விளையாட்டு எதற்கு? ஆலையில் யந்திரத்தை ஓட்டுவதோடு அந்த யந்திரத்தின் முன்னால் நிற்கும் ஆளின் கணக்கையும் ஓட்டலாம் என்பது அவனுக்குத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும்.

களத்தில் இருந்த மரக்கால்

தஞ்சை மாவட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். மிராசுதாரின் களத்தில் அளந்து வாங்க ஒரு மரக்கால், அளந்து கொடுக்க ஒரு மரக்கால் இருந்த கதையைச் சொல்வார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அடியில்தான் வித்தியாசம். பண்ணையாளின் அரை வயிறு அந்த மரக்காலின் அடியில் இருந்தது.

அந்த அநியாயம் தானாகப் போகவில்லை. செங்கொடியின் கீழே திரண்டு, சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து நின்ற உழைப்பாளி மக்கள் அதைப் போக்கினார்கள். 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளின் கூலி மிராசுதாரின் மனம் போன போக்கில் இருந்தது போய்ச் சட்டத்தில் ஏறியது. 1956இல் எடையும் அளவும் நாடெங்கும் ஒன்றாக வேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது. இன்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. வியாபாரி வைத்திருக்கும் தராசுக்கும் படிக்கும் முத்திரை வேண்டும். முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பார். முத்திரை இல்லையென்றால் குற்றம்.

கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்கு முத்திரை கேட்கிறது சர்க்கார். மனிதனின் உழைப்பை நிறுக்கும் செயலிக்கு முத்திரை எங்கே? இதுதான் நம் கேள்வி. லோ கோட் என்பது நினைத்த நேரத்தில் நினைத்த மாதிரி மரக்கால் செய்து தரும் பட்டறை. காலையில் ஒரு மரக்கால், சாயங்காலம் ஒரு மரக்கால். அடியைத் தட்டிப் பார்க்க நமக்கு வழியே இல்லை.

பொத்தானில் ஒளிந்திருக்கும் சட்டம்

ஒரு நூற்பாலையை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம், எந்த ஆலையாகவும் இருக்கட்டும். டைம் ஆபீஸில் இருக்கும் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, லோ கோட்டில் வருகைப் பதிவுச் செயலி ஒன்றைக் கட்டுகிறார். அதில் ஒரு விதி வைக்கிறார்: “10 நிமிடம் தாமதமானால் அரை நாள் கழி.” அவருக்கு அது ஒரு கட்டத்தில் போட்ட ஓர் எண். திங்கட்கிழமை காலை பஸ் தாமதமாகி ஓடிவரும் டாஃபர் பெண்ணுக்கோ அது அரை நாள் கூலி.

கணக்குப் போடுவோம். 8 மணி நேர ஷிப்டு என்றால் 480 நிமிடம். 10 நிமிடம் அதில் 48இல் ஒரு பங்கு. அரை நாள் என்பது 240 நிமிடம். ஒரு பங்கு தவறியதற்கு 24 பங்கு பிடித்தம்! கந்துவட்டிக்காரனும் கேட்கக் கூசும் கணக்கு இது.

இதற்குச் சட்டம் இடம் தருகிறதா? தரவில்லை. வராத நேரத்துக்குப் பிடிக்கும் கூலி, வராத நேரத்தின் விகிதத்தைத் தாண்டக்கூடாது என்று 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம் பொதுவிதி வைத்தது. அபராதம் போடுவதற்கு முன் தொழிலாளி தன் காரணத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அது சொன்னது. 2019ஆம் ஆண்டின் கூலித் தொகுப்புச் சட்டத்திலும் இந்த இரண்டு விதிகளும் இருக்கின்றன. அதில் அபராதத்துக்கு உச்சவரம்பும் உண்டு: அந்தக் கூலிக் காலத்துக் கூலியில் 100க்கு 3.

சட்டம் “காரணம் கேள்” என்கிறது. பொத்தான் யாரிடம் காரணம் கேட்கும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அதனிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அதற்குக் காது உண்டா? மேஸ்திரியாவது முறைப்பான், திட்டுவான், ஆனாலும் அவன் ஒரு மனிதன். சங்கத் தலைவர் போய் நின்றால் பேச்சு நடக்கும். ரிங் பிரேமில் ஹேங்க் மீட்டர் காட்டும் அளவைச் சைடர் தன் கண்ணால் பார்க்கலாம். தவறென்றால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம். செயலிக்குள் இருக்கும் விதியை யார் பார்ப்பது? கேட்டால் ஆபீஸில் சொல்லும் பதில் ஒன்றுதான்: “சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது.”

சிஸ்டம் காட்டுகிறதாம்! சிஸ்டத்தைக் கட்டியது யார்? மாரியம்மன் வந்து கட்டினாளா? அதே ஆபீஸில், அதே நாற்காலியில் இருக்கும் ஆள் கட்டியது. தன் கையால் எழுதிய உத்தரவை யந்திரத்தின் வாயால் சொல்லவைத்து, “நான் என்ன செய்ய?” என்று கையை விரிக்கும் கபட நாடகத்துக்கு நாம் ஏமாறலாமா?

தாமதம் நமக்குக் காவலாக இருந்தது

“இதெல்லாம் பழைய கம்ப்யூட்டரிலும் நடக்கக்கூடியதுதானே? லோ கோட்டை மட்டும் ஏன் சாடுகிறீர்கள்?” என்று நிர்வாகத்தின் வக்கீல்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறோம்.

முன்பு ஒரு விதியை மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகம் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எழுத வேண்டும். அவர்கள் செலவு சொல்ல வேண்டும். நிரல் எழுதுகிறவர் “இந்த விதி இரவு ஷிப்டுக்கும் உண்டா? பதிலி ஆட்களுக்கு எப்படி?” என்று கேள்வி கேட்பார். இன்னொருவர் சோதித்துப் பார்ப்பார். வாரங்கள் ஓடும். நாலு பேர் கண்ணில் படும். சேதி கசிந்து சங்கத்துக்கு வரும். நம்மேல் உள்ள கருணையால் யாரும் இதைச் செய்யவில்லை. செலவும் தாமதமும் நமக்குத் தற்செயலாக வேலியாக அமைந்தன.

லோ கோட் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. இன்று ஓர் ஆள், ஒரு மத்தியானம், ஒரு பொத்தான். விதி மாறிவிட்டது. கேட்க இன்னொரு கண் இல்லை. மாற்றியதை மறுநாள் திரும்பவும் மாற்றலாம். மேலதிகாரி வற்புறுத்தினாலொழிய யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று எழுதிவைக்கும் பழக்கமும் இல்லை. விதி செய்வது இவ்வளவு மலிவாகிப்போனால், விதியின் கீழ் வாழ்கிறவனின் வாழ்வும் மலிவாகத்தானே போகும்?

தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற ஒரு பாதுகாப்பு இங்கேதான் அடிபடுகிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ என்ற பிரிவு இருந்தது. கூலி, வேலை நேரம், ஷிப்டு, லீவு, ஒழுங்கு விதி இவற்றில் மாற்றம் செய்ய வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. நான்கு தொகுப்புச் சட்டங்களை 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டம் போய்விட்டது. நிலையாணைகள் கட்டாயம் என்ற விதி 100 பேர் உள்ள ஆலையிலிருந்து 300 பேர் உள்ள ஆலைக்கு உயர்த்தப்பட்டது. அதை எதிர்த்து நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் புதிய சட்டத்தில்கூட, 40ஆம் பிரிவில், 21 நாள் முன்னறிவிப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட அவர்களுக்கும் துணிவு வரவில்லை.

செயலியில் விதியை மாற்றுவது இந்தப் பிரிவைச் சேர்ந்ததா, இல்லையா? “இது வெறும் சாப்ட்வேர் மாற்றம், வேலை நிபந்தனை மாற்றம் அல்ல” என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். விடக்கூடாது. காகிதத்தில் எழுதினால் நிபந்தனை, கட்டத்தில் எழுதினால் நிபந்தனை இல்லையா? கூலி குறைந்தால் குறைந்ததுதான். எந்தக் கையால் குறைத்தாய் என்பது நமக்கு வேண்டாம்.

திறந்து கிடந்த கதவு

அவசரத்தில் கட்டிய வீட்டுக்குத் தாழ்ப்பாள் மறந்துபோகும். லோ கோட்டில் அது நடந்தே விட்டது.

2021இல் அப்கார்டு என்ற பாதுகாப்பு ஆராய்ச்சிக் கம்பெனி ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. மைக்ரோசாப்டின் பவர் ஆப்ஸ் கொண்டு கட்டிய வலைவாசல்களில் 47 நிறுவனங்களின் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தன. அமெரிக்காவின் மாநில சர்க்கார்கள், பெரிய விமானக் கம்பெனி, மோட்டார்க் கம்பெனி, ஏன், மைக்ரோசாப்டே அந்தப் பட்டியலில் இருந்தது. கொரோனாக் காலத்தில் நோயாளிகளோடு பழகியவர்களின் விவரம், தடுப்பூசிக்குப் பெயர் கொடுத்தவர்களின் விவரம், வேலை கேட்டு மனுப் போட்டவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் எல்லாம் அதில் இருந்தன.

யாரும் பூட்டை உடைக்கவில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்று வரம்பு கட்டும் ஓர் அமைப்பு இருந்தது. கட்டியவர்கள் அதைப் போட்டுவிட வேண்டும். அவர்களுக்கு அது தெரியவில்லை. சரக்கோ, வரம்பு போடாத நிலையிலேயே அவர்கள் கைக்கு வந்தது. ஆராய்ச்சியாளர்கள் முதலில் போய்ச் சொன்னபோது, “அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது” என்று பதில் கிடைத்தது. விஷயம் முற்றிய பிறகுதான், புதிய வாசல்கள் மூடிய நிலையிலேயே வரும்படி மாற்றினார்கள். அந்த விவரங்கள் திருடுபோயின என்று நாம் சொல்லவில்லை. கதவு திறந்து கிடந்தது, வீட்டுக்காரனுக்கே தெரியவில்லை என்கிறோம். அது போதாதா?

“யாரும் கட்டலாம்” என்கிறவர்கள், “யாரும் தவறாகக் கட்டலாம்” என்பதைச் சொல்வதில்லை. கட்டியவர் அதிகாரி, திறந்து கிடந்தது வேலை கேட்டு வந்த ஏழையின் விவரம். நம் ஆதார் எண், பாங்குக் கணக்கு, கைரேகை, முகத்தின் போட்டோ எல்லாம் இன்று எத்தனை செயலிகளுக்குள் கிடக்கின்றன? அவற்றின் தாழ்ப்பாளை எவர் பார்த்தார்?

அடுத்தவன் நிலத்தில் கட்டிய குடிசை

முதலாளிக்குச் சுலபம், சரி. கட்டுகிறவருக்காவது இது சொந்தமா?

குத்தகை நிலத்தில் குடிசை போட்டவனின் கதி நமக்குத் தெரியும். லோ கோட் செயலியும் அப்படித்தான். அது கம்பெனியின் மேடையில்தான் ஓடும். பெயர்த்துக்கொண்டு வேறிடம் போக முடிவது அபூர்வம். கூகிள் கம்பெனி “ஆப் மேக்கர்” என்று ஒரு சரக்கை விற்றது. ஊர்ப்பட்ட ஆபீஸ்கள் அதில் செயலி கட்டின. 2020 ஜனவரியில் கூகிள் அறிவித்தது: கடை மூடப்படுகிறது. 2021 ஜனவரி 19க்குப் பிறகு அதில் கட்டிய செயலிகள் ஓடவில்லை. கட்டியவர்கள் வேறு மேடையில் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. ஒரு வருஷ நோட்டீஸில் குடி எழுப்பிவிட்டார்கள்!

வாரமும் உண்டு. பவர் ஆப்ஸில் ஓர் ஆளுக்கு மாதம் 40 டாலராக இருந்த பட்டியல் விலையை 2021 அக்டோபரில் 20 டாலராகக் குறைத்தார்கள். குறைத்த விலையிலேயே 200 பேருக்குச் சீட்டு வாங்கினால் மாதம் 4,000 டாலர். குறைக்க முடிந்தவனுக்கு ஏற்றவும் முடியும். எவன் தலையில் அந்த வாரம் விழும்? ஆலை முதலாளி தன் லாபத்திலிருந்து கொடுப்பான் என்று நம்புகிறவர் யாராவது உண்டா? “நவீனமாக்கிவிட்டோம், ஆட்கள் அதிகம்” என்ற அடுத்த பல்லவி எங்கிருந்து வரும் என்று நமக்குத் தெரியாதா?

“குடிமகன்” என்னும் பட்டம்

நிரல் படிக்காமல் செயலி கட்டும் குமாஸ்தாவுக்கு ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள்: “குடிமக்கள் நிரலாளர்”. கேட்கக் காதுக்கு இனிமைதான். குடிமகனுக்கு வோட்டு உண்டு, உரிமை உண்டு. இந்தக் குடிமகனுக்கு என்ன உண்டு? ஏற்கெனவே பார்க்கும் வேலை குறையவில்லை. அதன்மேல் செயலி கட்டும் வேலை, அது கெட்டுப்போனால் சீர்செய்யும் வேலை, ராத்திரி போன் அடித்தால் எழுந்து பார்க்கும் வேலை. சம்பளம்? பழைய சம்பளம்தான். பட்டம் கொடுத்து வேலை வாங்கும் தந்திரம் இது.

இன்னொரு பக்கத்தில், சம்பளத்துக்கு நிரல் எழுதும் இளைஞர்களை “இனி நீங்கள் தேவையில்லை” என்று மிரட்டுவதற்கும் இதே சரக்குப் பயன்படுகிறது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தாலும் அந்த இளைஞரும் கூலிக்கு உழைப்பவரே. அவர் வேறு, நாம் வேறு என்று பிரித்து வைப்பதில்தான் முதலாளிகளின் சாமர்த்தியம் இருக்கிறது. விதி எப்படி எழுதப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும். விதி எங்கே வலிக்கிறது என்பது நமக்குத் தெரியும். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அவர்கள் கபடம் ஒரு நாள் தாங்காது.

வயலுக்கும் வந்த கதை

இது ஆலையோடு நிற்கும் சமாச்சாரமல்ல. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில் என்ன நடந்தது என்பதை நம் பெண்கள் அறிவார்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக எல்லாப் பணித்தளங்களிலும் வருகையைச் செல்போன் செயலியில்தான் பதிய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு முறை இடக்குறியோடு போட்டோ. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில், மண் சுமந்த பெண் இரண்டாவது போட்டோவுக்காகக் காத்து நின்றாள். போட்டோ ஏறவில்லையென்றால் வேலை செய்ததற்குச் சாட்சி இல்லை. பல இடங்களில் கூலி போயிற்று. 2023 பிப்ரவரியில் டில்லி ஜந்தர் மந்தரில் அந்தத் தொழிலாளர்கள் தர்ணா இருந்தார்கள்.

ஊழலை ஒழிக்க வந்ததாம் அந்தச் செயலி. ஒழிந்ததா? சம்பந்தமில்லாத போட்டோக்களும், போட்டோவைப் பிடித்த போட்டோக்களும் ஏற்றப்படுகின்றன என்று 2025 ஜூலையில் அந்த மந்திரிசபை இலாகாவே சுற்றறிக்கை விட்டது. களவாணிக்கு வழி கிடைத்தது. உழைத்தவளுக்குத்தான் வழி அடைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேறியது. பாடம் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

அது லோ கோட் கதை என்று நாம் சொல்லவில்லை. அது டில்லி சர்க்காரே இறக்கிய செயலி. ஆனால் யோசியுங்கள். டில்லியில் செய்த ஒரு செயலிக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம், தர்ணா இருக்கலாம். நாளைக்கு ஒவ்வொரு காண்டிராக்டரும், ஒவ்வொரு தோட்ட நிர்வாகமும், ஒவ்வொரு ஏஜெண்டும் ஆளுக்கொரு செயலியைத் தன் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமலே கட்டிக்கொள்ள முடியும் என்றால், எந்த வாசலில் போய் நிற்பது?

யந்திர விரோதிகளா நாம்?

இவ்வளவும் சொன்னதும் ஒரு பழைய முத்திரையை நம் முதுகில் குத்துவார்கள்: “விஞ்ஞானத்தின் விரோதிகள்!” 1955இல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ரேஷனலைசேஷனை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் தறியை எதிர்க்கவில்லை. ஆளைக் குறைத்து, மிஞ்சியவன் தலையில் அதிகத் தறிகளைக் கட்டும் கணக்கை எதிர்த்தார்கள்.

நாமும் கருவியை எதிர்க்கவில்லை. உண்மையில் இந்தக் கருவி நம் கைக்கும் வரக்கூடியது. ஆப்ஸ்மித், டூல்ஜெட் போன்ற, மூல நிரலைத் திறந்து வைத்திருக்கும் லோ கோட் கருவிகள் இருக்கின்றன. சங்கத்தில் ஓர் இளைஞர் கற்றுக்கொண்டால் ஓவர்டைம் கணக்கை, பிடித்தக் கணக்கை, விபத்துக் கணக்கை நாமே வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தின் மரக்காலுக்குப் பக்கத்தில் நம் மரக்காலை வைத்து அளந்து காட்டலாம். மரக்கால் கெட்டதல்ல. அதன் அடியை ஒருவன் மட்டும் பார்க்கலாம் என்பதுதான் கெட்டது.

நாம் கேட்பது என்ன?

1. வருகை, உற்பத்தி, கூலி, லீவு, அபராதம் இவற்றைக் கணக்கிடும் ஒவ்வொரு செயலியின் விதியும் தமிழில் எழுதப்பட்டு, கேட்டில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

2. செயலியில் விதி மாற்றம் என்பது வேலை நிபந்தனை மாற்றமே. 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்துச் சங்கத்தோடு பேசிய பிறகே மாற்ற வேண்டும்.

3. யந்திரம் தானாக எந்தக் கூலியையும் பிடிக்கக்கூடாது. பிடித்தத்துக்கு முன் ஒரு மனிதர் காரணம் கேட்க வேண்டும். அவர் பெயரோடு கையெழுத்திட வேண்டும்.

4. அன்றாடப் பதிவு அன்றே தொழிலாளியின் கைக்குச் சீட்டாகவோ செல்போன் செய்தியாகவோ வர வேண்டும். யந்திரம் நின்றால், சிக்னல் போனால், கூலி போகக்கூடாது.

5. நம் விவரங்களைத் தேவைக்கு மேல் வாங்கக்கூடாது. வெளியே கசிந்தால் உடனே நமக்குச் சொல்ல வேண்டும்.

6. செயலி கட்டும் குமாஸ்தாவுக்கு அதற்கென நேரமும் கூலியும் வேண்டும்.

7. தமிழ்நாட்டில் தராசுக்கு முத்திரை வைப்பது தொழிலாளர் துறையின் வேலை. அதே துறை ஆய்வாளருக்கு, உழைப்பை அளக்கும் செயலியைத் திறந்து பார்க்கவும், தவறான விதியை நிறுத்தவும் அதிகாரம் வேண்டும்.

இவற்றில் ஆகாயத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கை எது? ஒன்றுமில்லை. கடைத்தெருவில் புளி வாங்குகிறவனுக்கு உள்ள பாதுகாப்பை, உழைப்பை விற்கிறவனுக்கும் கொடு என்கிறோம். அவ்வளவுதான்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிறு நோட்டு வாங்கட்டும். வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, வந்த கூலி என்று தினம் எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். மாதக் கடைசியில் கூலிச் சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். வித்தியாசம் வந்தால் தனியாகப் போக வேண்டாம். பத்துப் பேராகப் போங்கள். பத்து நோட்டுகள் ஒரே கதையைச் சொன்னால், “சிஸ்டம் காட்டுகிறது” என்ற பேச்சு வாயிலேயே நின்றுவிடும்.

மிராசுதாரின் கள்ள மரக்காலை உடைத்தவர்கள் படித்த பட்டதாரிகள் அல்ல. களத்தில் நெல்லைத் தூற்றியவர்கள். கண்ணாடித் திரைக்குள் போய் ஒளிந்திருக்கும் மரக்காலையும் வெளியே கொண்டுவந்து, நடுத்தெருவில் வைத்து, அடியைத் தட்டிப் பார்ப்போம்!